பாக்கியம் என்று யாரும் எழுத வேண்டாம்

பேச்சியக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

அக்காவின் பேரன் வாட்ஸ்அப்பில் அஞ்சலி போஸ்டர் அனுப்பியிருந்தான். சிவகாசி பிரிண்டிங், நல்ல கலர். போட்டோவுக்குக் கீழே ‘பாக்கியம் அம்மாள்’.

இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் பாட்டி... எல்லாம் சரியாக இருந்தது, பெயரைத் தவிர.

அறுபதுகளில் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்து சரவெடி பின்னினோம். எனக்குப் பதினேழு வயது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

மாமியார் பெயரும் பேச்சியம்மாள். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை அதட்ட முடியாதே... தாலி கட்டிய அன்றே ‘பாக்கியம்’ என்று மாற்றிவிட்டார்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலைக்குச் சேரும்போது மட்டும் அக்கா பழைய பெயரைக் கொடுத்திருந்தார். காலையில் கணக்கப்பிள்ளை "பேச்சியம்மா" என்று கூப்பிட்டதும் "வந்திருக்கேன்" என்று ஒரு கத்து கத்துவார்.

"மெதுவாச் சொல்லு பிள்ள, வெடி வெடிச்சிரப் போகுது" என்பார் கணக்கப்பிள்ளை.

அந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் இம்புட்டு தூரம் நடந்து வருகிறேன் என்று அக்கா சொல்வார். விளையாட்டுக்கு இல்லை.

விஷயம் வீட்டுக்குப் போனது. புருஷன் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். "எங்க ஆத்தா பேரை இங்கன எவனும் அதட்டிக் கூப்பிடக் கூடாது. மாத்துங்க."

மாற்றினார்கள். அப்போதும் அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் "பாக்கியம்" என்றார் கணக்கப்பிள்ளை. அக்கா வாய் திறக்கவில்லை, தலை குனிந்து சரம் பின்னினார். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறது... ஆப்சென்ட். அடுத்த நாளும் ஆப்சென்ட்.

மூன்றாம் நாள் எனக்குப் பயம். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். "பாக்கியம் அக்கா வந்திருக்காக" என்று நான் சொல்லிவிட்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, பாக்கியம் வந்திருக்கான்னா... அப்ப நான் எங்கனட்டி இருக்கேன்?"

நான் குனிந்து என் சரத்தைப் பின்னினேன்.

நான்காம் நாள் அவரே "வந்திருக்கேன்" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுவருஷம் மாமியார் இறந்தார். "இனி என் பேரு எனக்குத்தான்ட்டி" என்று என் காதோடு சொன்னார் அக்கா. அப்போது அவர் மாசமாக இருந்தார்.

பெண் பிறந்தது. செத்துப்போன பாட்டியின் பெயரை வைத்தார்கள்... பேச்சியம்மாள்.

அந்தப் பிள்ளை ஓடி விளையாடும் வயதில் ஒருநாள் அக்கா சொன்னார். "வாசல்ல நின்னு ‘ஏ பேச்சி, ஏ பேச்சி’ன்னு ஒரு நாளைக்கு எம்புட்டு தடவை என்னையவே கூப்பிடுதேன் தெரியுமா? ஓடி வாறது அவதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை அடிப்பது... எல்லாரும் முறைப்படிதான் செய்திருந்தார்கள்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். போகிறேன்.

கமெண்டில் யாரும் ‘ஆழ்ந்த இரங்கல் பாக்கியம் பாட்டி’ என்று போடாதீர்கள். போட்டால் அழித்துவிடுவேன்.

பேச்சியக்கா... அன்றைக்கு நான் உங்களுக்காகக் குரல் கொடுத்திருக்கக் கூடாது.

போயிட்டு வாங்க.