பின் அடித்த அத்தியாயம்

மனைவியை இதய ஆபரேஷனுக்காகச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆறு வயது மகளிடம், அம்மா ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தேன்.

தினம் ஓர் அத்தியாயம் வாசித்துக்காட்ட, அட்டையில் யானைக்குட்டி சிரிப்பதை நம்பி ஒரு கதைப் புத்தகம் வாங்கினேன். நான்கு அத்தியாயங்கள் வாசித்தாயிற்று. மறைமலைநகருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அடுத்ததைப் புரட்டினேன். ஐந்தில் தாய் யானை செத்துப்போகிறது. வேலையிடத்து ஸ்டேப்ளரால் அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்தேன். சாயங்காலம் ஆறாவதை வாசித்தேன்.

“நாலுக்கு அப்பால அஞ்சுதானே நைனா?”

“அச்சடிக்கும்போது வுட்டுட்டாங்கம்மா.”

மறுநாள், பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகளின் மடியில் புத்தகம் விரிந்து கிடந்தது. அருகே வளைந்த பின்கள். அவள் விரல் நுனியில் ரத்தம். படத்தில் விழுந்து கிடந்த யானையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அம்மா நெசமா ஊருக்கா போயிருக்குது?”

எனக்குப் பொய் வரவில்லை. அவளையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் அடுத்த நாள்தான். ஐந்தாம் அத்தியாயத்தை அவள் அம்மாதான் வாசித்தாள். குரல் எங்கும் தடுக்கவில்லை. நான்தான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மனைவி நலமாக வீடு திரும்பினாள். இப்போதெல்லாம் புத்தகங்களைக் கடைசிவரை படித்துப் பார்த்தே வாங்குகிறேன். பின் மட்டும் அடிப்பதில்லை.