வியாழக்கிழமை வசூல்

லாண்டரி அக்காவுக்குப் பேச்சே வராது என்று ஓட்டலில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வராமல் என்ன, பேச ஆள் வேண்டாமா? ஒரு காலத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து கை சேர்ப்பதற்குள் ஊர்வம்பு ஒரு பாட்டம் முடிந்துவிடும். பிறகு மடிக்கிற மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். கூட்டாளி வேறு மாடிக்குப் போய்விட்டாள். இப்போது விரிப்பு தானாக மடிந்து வந்து விழுகிறது, அக்கா எடுத்து அடுக்குகிறாள். மெஷினோடு என்ன வம்பு பேசுவது.

வீட்டிலாவது சின்னவன் இருந்தான். சின்னவன் அவள் தம்பி, அம்மா போன பிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன். கல்யாணம் கில்யாணம் எல்லாம் அவளுக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் அந்தப் பேச்சை எடுக்கவே ஆள் இல்லாமல் போயிற்று. சின்னவன் ஏசி மெக்கானிக், கைராசிக்காரன். வாங்குகிற சம்பளத்தோடு சும்மா இருந்திருக்கலாம். சொந்தக் கடை போடுகிறேன் என்று கடன் வாங்கினான், கடை படுத்துவிட்டது, தவணை நின்றது. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தால், அவன் பையும் இல்லை, பல் துலக்கும் பிரஷும் இல்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். பிரஷை எடுத்துப் போக ஞாபகம் இருந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. உயிரோடு இருக்கிறானா, வேளைக்குச் சாப்பிடுகிறானா, அது தெரிந்தால் போதும் என்றிருந்தது.

அவன் கம்பி நீட்டிய மறுவாரமே வசூல்காரர்கள் வந்தார்கள். முதல் தடவை இரண்டு பேர். ஒருவன் பேச, ஒருவன் தடியாக நிற்க. வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி பேசுவது அவர்கள் தொழில்முறை. மானத்துக்குப் பயந்தாவது பணம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

"ஏம்மா, ஆளை உள்ள வெச்சுக்கிட்டு இல்லன்னு சொல்றீங்களா?"

"வந்து பாருங்க தம்பி. இருக்கறதே ரெண்டு ரூம். கட்டிலுக்கு அடியில வேணா குனிஞ்சு பாத்துக்குங்க."

அவன் குனிந்தே பார்த்தான். எழுந்தபோது முழங்கையெல்லாம் ஒட்டடை.

"தேடறதுதான் தேடறீங்க, கிடைச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அக்கா.

தடியன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை அழைத்து வரவில்லை.

பேசுகிறவன் மட்டும் வியாழக்கிழமைதோறும் வந்தான். அக்கா நாற்காலி போட்டாள். உட்கார்ந்துகொண்டு உரக்கக் கத்த யாருக்கும் வராது, டீ குடித்துக்கொண்டே மிரட்டவும் வராது. நாலைந்து வாரத்தில் 'ஏம்மா' போய் 'அக்கா' ஆகிவிட்டது. கதவைத் திறக்காத வீடுகள், நாயை அவிழ்த்துவிட்ட மகராசி, பேங்க்கில் வேலை என்று தன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிற பொய், எல்லாம் அவன் சொல்வான். அவள் சின்னவனைப் பற்றிச் சொல்வாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்களே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அந்த ஓணானை விட்டால் இந்தக் கதவை வேறு யார் தட்டினார்கள், நீ தட்டினாயா? இதை அக்கா கேட்கவில்லை, நான் கேட்கிறேன். வியாழக்கிழமைகளில் கூடுதல் ஷிப்ட் வேண்டாம் என்று அவள் ஓட்டலில் சொல்லிவிட்டாள்.

ஒரு வியாழன் அவன் சோர்ந்து போய் வந்தான்.

"ஏசி கடை ஒண்ணு விடாம தேடிட்டோம்க்கா. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கார். ஆபீஸ்ல இனிமே தேட வேணாம்னு விட்டுடுவாங்க போல."

இவர்களும் விட்டுவிட்டால் சின்னவனைத் தேட இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை. அக்காவுக்கு வாய் முந்திக்கொண்டது.

"ஏசி கடையில எங்க இருப்பான்? அந்தச் சின்னப் பெட்டியெல்லாம் அவனுக்கு விளையாட்டுச் சாமான். மீன் வந்து இறங்கற துறைமுகமாப் பாத்து, ஐஸ் கம்பெனியில தேடுங்க. பக்கத்துல பெரிய மெஷின் ஓடினாத்தான் அவனுக்குத் தூக்கமே வரும்."

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தான். சொன்னது என்னவென்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வளர்த்த கையாலேயே காட்டிக்கொடுத்தாயிற்று.

அதற்கப்புறம் சில வாரங்கள் அவன் வரவில்லை. இவன் பரவாயில்லை, தடியன் போயிருந்தால்? நாலு பேர் முன்னால் கையை ஓங்கியிருந்தால்? நினைத்து நினைத்து அக்கா தலையணை உறைகளை விரிப்புகளோடு கலந்து அடுக்கி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு ஒரு வியாழன் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அவன்தான், முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"ஆள் கிடைச்சுட்டார்க்கா. நீங்க சொன்ன மாதிரியே ஐஸ் கம்பெனி."

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கார். கொஞ்சம் இளைச்சிருக்கார், அவ்வளவுதான். மூணு வேளையும் அங்கயே சாப்பாடு போடறாங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனுக்காகப் போட்ட நாற்காலி அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்ல மனசு வரல. அவர் கேட்டது ஒண்ணுதான், அக்கா வீட்டுக்குப் போனீங்களான்னார். வாரா வாரம் போறேன்னேன். அப்படியே தலையில கை வெச்சுக்கிட்டார். வண்டியை வித்து, சேத்து வெச்சதையெல்லாம் போட்டு, மொத்தத்தையும் ஒரே தடவையா கட்டிட்டார். இனிமே எங்க அக்கா வாசல்ல எவனும் போய் நிக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். கடைசியா ஒரு தடவை தகவல் சொல்லிட்டு வந்துடறேன்னு கெஞ்சித்தான் வந்தேன்."

"எனக்கு ஏதாவது சொன்னானா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அக்காவைப் பாக்கறதுன்னார். அங்கயும் விஷயம் தெரிஞ்சு போச்சு, வேற ஊருக்குப் போறாராம். எங்கன்னு சொல்லல."

அக்காவுக்குத் தம்பி மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வண்டியை விற்றிருக்கிறான், அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு இனி வியாழக்கிழமைகளில் என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கணக்கை நல்லாப் பாத்தீங்களா? வட்டி கிட்டின்னு ஏதாவது கொஞ்சம் பாக்கி இருக்கப் போகுது."

"இல்லக்கா, சுத்தமா முடிஞ்சிருச்சு. நீங்க நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.