நூல் கட்டிய தக்காளிச் செடி

திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியில் அம்மாவின் தக்காளி பன்னிரண்டு செடி, மாமாவின் தக்காளி ஆறு செடி. காசிமேட்டில் மீன் வைத்துக் கழித்த தெர்மாகோல் பெட்டிகளில்தான் எல்லாம் வளர்ந்தன. அம்மாவுடையது எண்ணூர்ப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நாட்டுத் தக்காளி. அந்தப் புளிப்பு சேராவிட்டால் அவளுக்கு மீன்குழம்பு குழம்பே இல்லை. வருடாவருடம் விதை எடுத்துவைப்பாள். அந்த முறை இருந்த விதையெல்லாம் போட்டுவிட்டாள். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அவள் தம்பி, அதாவது என் மாமா, கடையில் வாங்கிய கலப்பின விதை போட்டார். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோயைத் தாங்கும் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தது.

“யக்கா, என் செடி மேல வெள்ளை ஈ குந்தவே குந்தாது” என்றார்.

எனக்குப் பத்து வயது. பட்டியல் போடாமல் எதையும் நம்பமாட்டேன். ஒரு வாரம் பள்ளிக்குக் கிளம்பும் முன் இலைகளைத் திருப்பி ஈக்களை எண்ணினேன். இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே கணக்கு. நோட்டை மாமாவிடம் நீட்டினேன்.

“குந்தினா குந்திகினு போவட்டும். என் செடிக்கு இன்னா ஆச்சு, அத்தச் சொல்லு.”

ஒன்றும் ஆகவில்லை. ஈ இரண்டிலும் உட்கார்ந்து வைரஸை இரண்டிலும் இறக்கியது. அவர் செடி தாங்கிக்கொண்டது. அம்மாவுடையவை இலை சுருண்டு, மஞ்சளாகி, குட்டையாக நின்றுவிட்டன. நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்தச் சொல்லி பாக்கெட்டின் பின்பக்கம் இருந்தது. மாமாவும் அதையே சொன்னார். அம்மா பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் பூசைக்குப் போன நேரத்தில் பன்னிரண்டையும் நான் பிடுங்கினேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக். ஒரு செடியின் தண்டில் மட்டும் நீல வலைநூல் கட்டியிருந்தது. சாயாமலிருக்கக் கட்டியது என்று நினைத்தேன். அதில் சுருள் குறைவு, ஒரு கொத்துப் பிஞ்சும் இருந்தது. ஆனால் அது அம்மாவின் வரிசை. என் பட்டியலில் அரைகுறைக்கு இடமில்லை.

திரும்பிவந்த அம்மா குவியலைக் கிளறி அந்த நூலைத் தேடினாள்.

“இத்தையுமா புடுங்கின? இது ஒண்ணுதான் சுருட்டிக்காம நின்னுகினு இருந்துது. பழுக்கட்டும்னு பாத்துகினு இருந்தேன்.”

மறுபடி நட்டு, குடையைச் சாய்த்து நிழல் வைத்தாள். மூன்றாம் நாள் அது காய்ந்தது.

இன்று எனக்கு விதை ஆராய்ச்சி வயலில் வேலை. நோய் பிடித்த வரிசைகளுக்கு நடுவே சுருளாமல் நிற்கும் செடியைத் தேடி, அடையாளச் சீட்டு கட்டி, பழுத்து விதை எடுக்கும்வரை யாரையும் தொடவிடாமல் காப்பேன். மாமா வாங்கியது போன்ற ரகங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அன்று எனக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் பழம் வேண்டும் என்பது மட்டும்தான். மாமாவின் செடியில் நன்றாகச் சிவந்த மூன்றைப் பறித்து அவள் மடியில் வைத்தேன். உன்னுடையதைவிடப் பெரிசு என்றும் சொன்னேன்.