மாமனார் இழுத்துப் பார்த்த புல்

என் மாமனார் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இழுத்துப் பார்க்காத எதையும் நம்பமாட்டார். கல்யாணத்துக்கு முன் என் கையைக் குலுக்கியபோதே தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு மகளைக் கொடுத்ததால் நான் தேறிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. மழை பெய்தால் மண் கரைந்து நேரே சமையலறைக்குள் வரும். போன மழையில் முழங்கால் சேற்றில் நின்று பாத்திரம் கழுவிய மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்: "இனி ஒரு தடவ சேறு உள்ள வந்துச்சுன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் சேறுமா குடித்தனம் நடத்துங்க."

மாமியார் சொன்னால் செய்கிறவர். அரண்டுபோன மாமனார் ஆழமாக வேர்விடும் புல்லை வாங்கிவந்து சரிவு முழுக்க வரிசையாக நட்டார். "வேர் கீழ இறங்கி மண்ணப் பின்னிப் புடிக்கணும். அதுவரைக்கும் கை வைக்காதீங்க ஐயா," என்று நர்சரிக்கார அம்மா படித்துப் படித்துச் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

மாமனார் தினமும் காபி குடித்த கையோடு சரிவில் ஏறி, ஒவ்வொரு தூராக இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிடும். "பாத்தீங்களா மாப்பிள்ள, இன்னும் புடிக்கல," என்று திரும்பச் சொருகுவார். அப்போதுதான் நூலாக விட்டிருந்த வேரெல்லாம் அறுந்துபோகும். புல்லுக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

மாமியார் சண்டை போடவில்லை. சமையலறைக்கு நேர் மேலே இருந்த புல்லுக்கு நடுவில் முள்செடிக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றிவிட்டார். மறுநாள் மாமனார் விரலைச் சூப்பிக்கொண்டே இறங்கிவந்தார். அந்தப் பக்கம் சோதனை அதோடு நின்றது.

மழைக்காலம் வந்தது. ஒரு மதியம் கொட்டித் தீர்த்ததில், அவர் சோதித்த பக்கம் புல்லோடு சரிந்து அவருடைய ஸ்கூட்டரை மூடியது. சமையலறைக்கு மேலே மட்டும் மண் அசையவில்லை. சோதிக்காதது எப்படி நிற்கிறது? மனிதருக்குப் பொறுக்கவில்லை. குடையோடு ஏறினார், வழுக்கினார். குடை ஒரு பக்கம் பறக்க, இரண்டு கையாலும் முள்ளையும் புல்லையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மாப்பிள்ள, புடிக்குது! என்னமா புடிக்குது!"

முகமெல்லாம் சிரிப்பு. மாமியார் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் காலடியில் தரை காய்ந்து கிடந்தது.

"சோதிச்சு முடிச்சாச்சுன்னா மெல்ல இறங்கி வாங்க," என்றார். "நான் எங்கயும் போகல."