ரூவி ஓட்டலில் குடித்த தண்ணீர்

மஸ்கட்டில் ரோடு போடும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒரு வியாழக்கிழமை மாலை, முருகேசன் முதலான ரூம் நண்பர்களோடு ரூவி பகுதியில் புதிதாகத் திறந்த ஓட்டலுக்குப் போனேன். புரோட்டா தின்றுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனால், லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மில் செத்த எலி உப்பி மிதந்தது! நான் கத்தியதும் சர்வர் வந்து அதை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தான்.

"கலாஸ் பாய், முடிஞ்சுது, எலி போயிடுச்சு!" என்று சிரித்தபடி, அதே தண்ணீரில் ஜக்கை முக்கினான்.

மேஜைக்கு ஓடினேன். "குடிக்காதடா, முருகேசா!"

"ரெண்டு டம்ளர் குடிச்சிட்டேனே!" என்றான்.

அன்றிரவே அவனுக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தான். சோடா குடித்ததால் நானும் மற்றவர்களும் தப்பித்தோம்.

இப்போது எங்கே போனாலும் காய்ச்சிய தண்ணீரை பிளாஸ்கில் கொண்டுபோகிறேன். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். முருகேசன் மட்டும் பிளாஸ்குக்குக் கை நீட்டுகிறான்.