லமாராவின் கிரேனில் மூவாயிரம் துப்பாக்கிகள்

ருஸ்தாவி நகர உருக்காலையில் கிரேன் ஓட்ட வந்தபோது லமாரா அக்காவுக்குப் பத்தொன்பது வயது. சோவியத் உடைந்து மின்சாரமே வராமல் போன குளிர்காலங்களில் உலை அணைந்து கிடந்தது, சம்பளமும் இல்லை. அப்போதும் வாரம் ஒருமுறை ஏணியேறிப் போய்ப் பல்சக்கரங்களுக்கு கிரீஸ் போட்டுவிட்டு வருவார். "துருப்பிடிச்சுப் போனா அப்புறம் யாரு ஓட்டுறது?" என்பார், அவ்வளவுதான். உலையடியில் நிற்கும் நாங்கள் அண்ணாந்தால், கண்ணாடிக் கூண்டுக்குள் அவருடைய சிவப்புத் தலைத்துணி தெரியும்.

ராணுவ லாரிகள் வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு. கிடங்குகளில் தேங்கிக் கிடந்த மூவாயிரம் பழைய துப்பாக்கிகள். திருடர் கைக்குப் போகுமுன் உருக்கிவிட வேண்டும் என்றார் கேப்டன் அவ்தாண்டில்.

அக்கா கிரேனில் தொங்கும் மின்காந்தத்தை இறக்கினார். அது தொடுவதற்கு முன்பே தரையில் கொட்டியிருந்த துப்பாக்கிகள் தாமாக எழும்பிப்போய் ஒட்டிக்கொண்டன, உயிர் வந்ததுபோல.

இரண்டு தூக்குகள் உலைக்குப் போகும் இரும்புக்கூடைக்குள் போயின. மூன்றாவது பாதியில் நின்றது.

"கேப்டன் தம்பி, ஓரத்துல ஒண்ணு மேகசினோட தொங்குது" என்றார் அக்கா ஒலிபெருக்கியில்.

"அவ்வளவு உயரத்துலேர்ந்து எப்படிம்மா தெரியும்? எல்லாத்தையும் கழட்டியாச்சு. எங்க ஆளுங்க ரெண்டு தடவ பாத்துட்டாங்க."

"உங்க ஆளுங்க லாரியில ஏறிப் போயிடுவாங்க. உள்ள தோட்டா வெடிச்சா உலை பக்கத்துல நிக்கிறது எங்க பசங்க. தள்ளி நில்லுங்க, இறக்குறேன்."

குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்கினார். அவ்தாண்டில் அந்தத் துப்பாக்கியைத் தேடியெடுத்து மேகசினைக் கழற்றினார். நிறைய தோட்டா. பின்பக்க போல்ட்டை இழுத்ததும் குழலிலிருந்தும் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கோங்கம்மா."

"அது கெடக்கட்டும். கூடையில போட்டதையும் கொட்டிப் பாருங்க."

கொட்டினார்கள். சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வேறெதுவும் அகப்படவில்லை.

பிறகுதான் உலை வாய் திறந்தது. கூடைகள் இறங்க இறங்க உள்ளே சூரியன் கொதிப்பதுபோல் வெளிச்சம். கடைசியில் உருகியதெல்லாம் வெள்ளையாக வழிந்து உருக்கு பிடிக்கும் ஒரே ராட்சத வாளியில் அடங்கியது. வாளி நிறையக்கூட இல்லை.

"மூவாயிரமும் இவ்வளவுதானா?" என்றார் அவ்தாண்டில், கோயிலில் பேசுவதுபோல மெதுவாக.

அக்கா இறங்கி வந்து எங்களோடு நின்றார்.

"நாப்பது வருஷமா இரும்பு தூக்குறேன், கிவி. இன்னிக்குத் தூக்கினதுதான்டா ரொம்ப கனம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிவப்புத் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.