திண்டிவனத்தில் உட்கார ஓர் இடம்

காலை ஒன்பதேகாலுக்கு விழுப்புரத்தில் திண்டிவனம் வண்டி ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். கூட வந்தவள் அக்கா மகள் திவ்யா. கல்லூரியை முதலாண்டோடு நிறுத்திவிட்டு, நான்கு மாதமாக அறையை விட்டு வெளியே வராதவள். காரணம் கேட்டுக் கேட்டு அக்கா ஓய்ந்துபோயிருந்தாள். “நான் படிச்ச ஊரைக் காட்டறேன், வா” என்றேன். என்ன நினைத்தாளோ, கிளம்பிவிட்டாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் சாலையோரம் மல்லாட்டைக் கொல்லைகள்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். கூட்டேரிப்பட்டு வரை அவள் வாய் திறக்கவில்லை. நான்தான் பேசினேன்.

விடுதியில் தங்கிப் படித்த காலம் அது. திண்டிவனத்தில் விடுதிக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு புங்கமரம். அதைச் சுற்றி வட்டமாக ஒரு சிமெண்ட் மேடை. மாலை ஐந்தானால் நானும் விடுதித் தோழி கோட்டக்குப்பத்து மும்தாஜும் அங்கேதான் இருப்போம். எதிரும் புதிருமாகச் சம்மணமிட்டால் முழங்கால்கள் இடிக்கும். அப்பா இறந்த வருடம், உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை என்று நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த மேடையில்தான். மும்தாஜ் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவளே என்னை மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

பத்தரை மணிக்குப் பூங்காவுக்குள் நுழைந்தோம். மரம் இருந்தது, மேடை இல்லை. பத்தடிக்கு ஒன்றாக ஒற்றை இரும்பு நாற்காலிகள், எல்லாம் மதிலைப் பார்த்தபடி.

“பசங்க கும்பலா குந்திக்கினு கதை பேசறாங்கன்னு கம்ப்ளைண்ட்டும்மா. அதான் இடிச்சிட்டாங்க” என்றார் காவலாளி. “இப்ப யாரும் வர்றதில்ல.”

வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு. ஒரு நாற்காலியில் நான், அடுத்ததில் திவ்யா. பேசவேண்டுமானால் குரலை உயர்த்தவேண்டும். சற்று நேரத்தில் அவள் எழுந்துபோய் மரத்தடியில், வெறுந்தரையில் உட்கார்ந்தாள். நானும் போய் அமர்ந்தேன்.

“எங்க காலேஜ்லயும் இப்படித்தான் சித்தி. மரத்தடியில குந்தக்கூடாது, வராண்டாவுல நிக்கக்கூடாது. கிளாஸ் வுட்டா நேரா பஸ்சு. ஒரு வருஷம் யார்கிட்டயும் பேசாமலே போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். அப்புறம் பேசவே வரல.”

“தரையில குந்தக்கூடாதும்மா” என்றபடி வந்த காவலாளி, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குச் செடி நனைக்கப் போய்விட்டார். ஒரு மணி வரை அங்கேயே இருந்தோம். தூக்கம் வராத இரவுகளைப் பற்றிச் சொன்னாள். டாக்டரைப் பார்க்கலாமா என்று அவளே கேட்டாள்.

விழுப்புரத்தில் இறங்கியபோது மூன்று மணி.

“அம்மாகிட்ட நானே சொல்றேன்” என்றாள். “நீ ஒண்ணும் பேசாத சித்தி. பக்கத்துல குந்திக்கோ, போதும்.”